தம்பியின் மனையில் ஒரு சலவைக்கூடம்

அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொள்வான். "எங்கக்காவா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஊறப்போட்டுட்டுப் போன துணிய இன்னும் தேடிக்கிட்டிருக்கா."

கேலிதான். ஆனாலும் அதில் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். சொன்னதும் பொய்யில்லை. அவள் தொல்லியல் ஆய்வாளர். ரோமானியர் காலம் அவள் துறை. அந்தக் காலத்திலும், அரண்மனை, பேரரசர் சிலை என்று மற்றவர்கள் முட்டி மோதும் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. துணி வெளுக்கும் கூடங்களைப் பிடித்துக்கொண்டாள். கனமான கம்பளி ஆடைகளை ரோமானியர் சலவைக்கூடத்தில்தான் கொடுப்பார்கள். அங்கே ஆட்கள் வரிசையாகத் தொட்டிகளில் இறங்கி நின்று, புளித்த சிறுநீர் கலந்த தண்ணீரில் துணியைக் காலால் மிதித்து மிதித்து அழுக்கெடுப்பார்கள். இதை ஒருமுறை சாப்பாட்டு மேசையில் விளக்கப் போக, தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அப்பா மட்டும் அசராமல் சாப்பிட்டபடி, "அழுக்கு போச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றார்.

அலுவலகத்தில் அவளுக்குத் தொட்டியம்மா என்று பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவளே தொலைபேசியை எடுத்து, "தொட்டியம்மாதான் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். அம்மா இறந்தபோது தம்பிக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அவனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விட்டதும், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் அவள்தான். கல்லூரியில் கேட்ட படிப்புக்கு இடம் கிடைக்காமல், காலியாகக் கிடந்த லத்தீன் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். முதல் கோடை விடுமுறையில் மாணவர்களை ஓர் அகழாய்வுக்கு அழைத்துப்போனார்கள். மற்றவர்களுக்கு நாணயம் கிடைத்தது, விளக்கு கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரு கழிவுநீர்க் கால்வாய். கோடை முழுவதும் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். திரும்பி வந்தபோது முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். மண்ணின் நிறம் மாறுகிற இடத்தை அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பேராசிரியர் சொன்னார். அதன்பின் அவளை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை. கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒருகட்டத்தில் அந்தப் பேச்சை எடுப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் ரோமானியர் ஆண்ட ஊர் அது. அந்த நகரத்தின் தொல்லியல் அலுவலகத்தில் வேலை. ஊரில் யார் அஸ்திவாரம் தோண்டினாலும், குழாய் பதித்தாலும், மண்ணுக்குள்ளிருந்து பழையது ஏதாவது தலைகாட்டினால் தகவல் சொல்லியாக வேண்டும். அலுவலகம் சரி என்று சொல்லும்வரை கட்டட வேலை நிற்கும். சட்டம் அப்படி. பெரும்பாலும் அவள் போய்ப் பார்த்தால் உடைந்த பாட்டில், மாட்டு எலும்பு, யாரோ புதைத்த சைக்கிள் சக்கரம். மீதி நாட்களெல்லாம் கிடங்கில். பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பொடி எழுத்தில் எண் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குவாள். ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினாள். சலவைக்கூடங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள், அவர்கள் படித்தார்கள். அவளுக்கு ஒரே ஒரு குறை. ஒரு முழுக் கூடத்தை, தொட்டியிலிருந்து கால்வாய்வரை, தன் கையால் தோண்டியதில்லை. எல்லாம் மற்றவர்கள் தோண்டியது. அவள் அளந்தாள், ஒப்பிட்டாள், எழுதினாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக் ஆனான். நகரத்தில் பாதி லிஃப்ட்டுகள் அவன் கையில்தான். அவன், அவன் மனைவி, அப்பா மூவரும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். "ஊர் உலகத்தையெல்லாம் மேல ஏத்தி விடறான், பெத்த அப்பன மட்டும் படி ஏற வைக்கிறான்" என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்தது. ஏணியிலேயே கழிந்த வாழ்க்கை. அவர் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒருமுறை கீழே இறங்கினால் மேலே ஏற அரை மணி நேரமாகும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி, யாரோ கேள்வி கேட்டதுபோல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றால், அவள் இருந்தது அதைவிட ஒரு மாடி உயரம்.

அதனால்தான் தம்பி மனை வாங்கினான். பழைய கிடங்கு ஒன்றை இடித்த இடம். கையில் இருந்த எல்லாவற்றையும் அதில் போட்டான். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, அக்காவுக்குக் காட்டினான். கீழே தெருவைப் பார்த்தபடி அப்பாவுக்கு அறை. மேலே இவர்கள். அதற்கும் மேலே சின்னதாக ஒன்று.

"இது யாருக்குடா?"

"உனக்குத்தான். சுவர் பூரா அலமாரி. உன் புஸ்தகத்த எல்லாம் கொண்டு வந்து கொட்டு. ஓட்டாஞ்சல்லிய மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாத."

அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்த வாரம் அவன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தான். சந்தோஷத்தில் குரல் தடுமாறியது.

"அக்கா, உடனே கிளம்பி வா. உன் ஆளுங்க என் மனையில குடித்தனம் இருந்திருக்காங்க!"

போனாள். பொக்லைன் ஓரமாக நின்றிருந்தது. பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். சாந்து பூசிய குட்டைச் சுவர் ஒன்று. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளமான தளங்கள். மண்ணில் அங்கங்கே பளபளக்கும் சிவப்பு ஓடுகள். யாரும் சொல்வதற்குமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டிகள். மிதிக்கிறவன் வழுக்கி விழாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்ளத்தான் இடையில் குட்டைச் சுவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிவிட்டாள்.

மேலே நின்ற கொத்தனார் தம்பியிடம் தணிந்த குரலில் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. "நான் அப்பவே சொன்னேன் சார், கான்கிரீட்டக் கொட்டிடலாம்னு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அட போங்க" என்றான் தம்பி. "எங்கக்கா முகத்தப் பாருங்க. பொறந்தநாளுக்கு இதவிட வேற என்ன வாங்கிக் குடுத்துட முடியும்?"

அன்று மாலையே வேலை நிறுத்தப்பட்டது. நிறுத்தும்படி தகவல் கொடுத்தது அவள்தான். அதில் தம்பிக்கு வருத்தமில்லை. அக்காவின் வேலையே அதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத் தலைவர் வந்து பார்த்தார். ஓய்வு பெற நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். பள்ளத்தைச் சுற்றி நிதானமாக நடந்தார்.

"அருமையா இருக்கு. அளந்து, படம் வரைஞ்சு, போட்டோ எடுத்துட்டு, மணல் போட்டு மூடிடுங்க. தளத்தக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கட்டும். மண்ணுக்குள்ள இருக்கிறவரைக்கும் இதுக்கு ஒரு கேடும் வராது. உங்க தம்பியும் வீட்டக் கட்டுவாரு."

"இல்ல சார். இந்தச் சுவர் அந்தப் பக்கம் போகுது. முழுக் கூடமும் இருக்கு. இப்ப மூடினா அப்புறம் யாரும் திறக்கப் போறதில்ல."

"சொந்தத் தம்பி இடம். யோசிச்சுக்குங்க. வேணும்னா வேற யாரையாவது போடறேன்."

"தொட்டிய வேற யாருக்கு சார் தெரியும்?"

தலைவர் சிரித்துவிட்டார். அவள் விடவில்லை. ஒரு வாரம் அவர் அறைக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் முழு அகழாய்வுக்கு அனுமதி வாங்கிவிட்டாள்.

தம்பியிடம், "தோண்டித்தாண்டா ஆகணும். ரெண்டு மாசம். மிஞ்சிப்போனா மூணு" என்றாள். மணல் போட்டு மூடலாம் என்று தலைவர் சொன்னதை அவள் சொல்லவில்லை. மறைக்க நினைத்து மறைக்கவில்லை, சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நீளுமே என்றுதான் விட்டோம் என்று பின்னாளில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் பலவீனமாகவே ஒலித்தது.

மூன்று மாதம் மூன்று வருடமானது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று என்று வரிசையே வெளிப்பட்டது. பிறகு துணி அலசும் பெரிய தொட்டிகள், அவற்றிலிருந்து தண்ணீர் படிப்படியாக இறங்கி வரும் வழி, தெருப்பக்கம் போகும் கால்வாய். ஒரு தொட்டியின் தளத்தில் குதிகால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இரண்டு குழிகள் இருந்தன. ஒருநாள் உடன் வேலை செய்கிறவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரம், அவள் தன் வெறுங்காலை அவற்றில் பொருத்தி நின்று பார்த்தாள். வெளிநாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். அந்த ஒரு வேன் ஆட்கள் முழுவதும் வந்து இறங்கினார்கள் என்று சொல்லலாம்.

முதல் வருடம் தம்பி வேலை முடிந்து போகும் வழியில் தினமும் எட்டிப் பார்ப்பான். பிளாஸ்க்கில் தேநீர் கொண்டு வருவான். "என்ன, என் வாடகைக்காரங்க நல்லாருக்காங்களா?" என்பான். இரண்டாம் வருடம் வாரத்துக்கு ஒருமுறை வந்தான். கேட்கும்போதெல்லாம் அவள், "இன்னும் கொஞ்ச நாள்தாண்டா" என்றாள். அந்தக் கொஞ்ச நாளை நம்பித்தான் அவன் கீழ்த்தளத்தில் வேறு வாடகை வீடு எதுவும் பார்க்கவில்லை. மாறினால் இரண்டு முறை சாமான் ஏற்ற வேண்டுமே, எதற்கு வீண் அலைச்சல் என்று இருந்துவிட்டான்.

ஒருநாள் அப்பாவைக் காரில் அழைத்து வந்தான். பள்ளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவள் உற்சாகமாக ஒவ்வொன்றாகக் காட்டினாள். அப்பா நெற்றிக்கு மேல் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"என் ரூம் எங்க வருது?"

"நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதுக்கு நேர் எதிர்ல. அந்தப் பெரிய தொட்டி இருக்குல்ல, அங்க."

"ஓ. தண்ணிக்குப் பஞ்சமில்லாத இடம்" என்று சிரித்தார். பிறகு, "எப்ப முடியும்மா?" என்று கேட்டார்.

"மழைக்கு முன்னால முடிச்சிடுவேம்ப்பா."

எந்த மழை என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாவது வருடம் அப்பா படி இறங்குவதையே விட்டுவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகும் பேருந்துகளைப் பார்ப்பதோடு சரி. ஒரு காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. தகவல் கிடைத்து அவள் பூட்ஸில் ஒட்டிய சேறோடு ஓடியபோது, ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையால் கட்டி, குறுகலான படிகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அப்பா, "வழிய விடும்மா, பாவம் அவங்க" என்றார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

தம்பி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி மனைவி மட்டும் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "கீழ் வீடா இருந்திருந்தா கொஞ்சம் சீக்கிரம் கொண்டு போயிருக்கலாம் அண்ணி" என்று ஆரம்பித்து, "என்னமோ, அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டாள்.

அப்பா போன பிறகு தம்பிக்கு வீடு கட்டும் ஆசையும் போய்விட்டது. மனையை நகராட்சியே விலை கொடுத்து எடுத்துக்கொண்டது. அங்கே கூரை போட்டு, கண்ணாடி நடைபாதை அமைத்து, மக்கள் பார்க்கத் திறந்தார்கள். திறப்பு விழாவுக்குத் தம்பியையும் அவன் மனைவியையும் அவள்தான் கெஞ்சிக் கூட்டிப் போனாள். மடிப்புக் கலையாத சட்டையில் அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஓய்வு பெற்றுவிட்ட பழைய தலைவரைப் பேச அழைத்தார்கள். அவர் அவளை வாயார, மனமாரப் புகழ்ந்தார்.

"நானே தப்புப் பண்ண இருந்தேன். படம் வரைஞ்சுட்டு மணலப் போட்டு மூடுங்க, உங்க தம்பி மேல வீட்டக் கட்டிக்கட்டும்னு சொல்லிட்டேன். அதுக்கு எந்தத் தடையும் இல்ல. ஆனா இந்தத் தொட்டியம்மா விட்டாங்களா? ஒரு வாரம் என் அறை வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. சொந்த வீட்டவிடக் கடமைதான் பெருசுன்னு நின்னாங்க. அவங்க பிடிவாதம் இல்லாட்டி இன்னிக்கு நாம யாரும் இங்க இல்ல."

அரங்கம் கைதட்டியது. அவள் மேடையிலிருந்து பார்த்தாள். தம்பியும் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவன் கைகள் மட்டும் மெதுவாக நின்றன.

வெளியே படிக்கட்டில் அவனைப் பிடித்தாள். அவன் மனைவி இரண்டு படி கீழே போய் நின்றுகொண்டாள்.

"அப்ப மூடியிருக்கலாமா அக்கா?"

"மூடியிருக்கலாம்."

"என்கிட்ட தோண்டித்தான் ஆகணும்னு சொன்ன."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். மன்னிச்சுடுடா என்று சொல்லியிருக்கலாம். அல்லது சும்மா நின்றிருக்கலாம். அவளோ விளக்க ஆரம்பித்தாள். அலசுகிற தொட்டிகளும் மிதிக்கிற தொட்டிகளும் ஒரே இடத்தில் இப்படி முழுசாகக் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொன்னாள். தண்ணீர் போன வழியைச் சொன்னாள். கையை நீட்டி அளவு காட்டினாள். அவன் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டான்.

"நீ பண்ணது சரியாத்தான் இருக்கும் அக்கா. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றான். "அப்பா மாடியில உட்கார்ந்திருந்தாரு. நான் தினமும் வேல முடிஞ்சு உன்னப் பாக்க வருவேன். நீ சிரிச்சுக்கிட்டே இருப்ப. சின்ன வயசுலகூட உன்ன அப்படிப் பார்த்ததில்ல. சரி, அக்காவாவது சந்தோஷமா இருக்காளே, வேற வழியில்லாம நடக்கிறதுதானேன்னு நானும் சிரிச்சேன். அதத்தான் என்னால தாங்க முடியல."

அவன் படி இறங்கிப் போனான். அவளை யாரோ புகைப்படம் எடுக்க உள்ளே அழைத்தார்கள். போய் நின்றாள். அந்தப் படம் அவள் எழுதிய நூலின் பின்னட்டையில் இருக்கிறது; சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நூல் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அழைத்த இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினாள். தலைவர் நாற்காலியும் அவளுக்கே வந்தது. தம்பி பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் நலம் விசாரித்தான். ஆனால் விழாவுக்குப் பிறகு முதன்முதலாகப் பார்த்தபோதே, "வாங்க அக்கா, எப்படி இருக்கீங்க?" என்றான். மனைவி பக்கத்தில் இருப்பதால் மரியாதையாகப் பேசுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை தொலைபேசியிலும் அதே நீங்க, வாங்க. தான் ஷூ லேஸ் கட்டிவிட்ட பிள்ளை தன்னை மரியாதையாகக் கூப்பிடுவதைப் பற்றி யாரிடம் போய்க் குறை சொல்வது? கேட்டவர்கள் நல்ல தம்பி என்றல்லவா சொல்வார்கள்.

அவள் ஓய்வு பெற்ற சில வருடங்களில் சலவைக்கூடத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கண்ணாடிக்குள் ஈரம் தேங்கியது. சாந்து உதிர்ந்தது, தளத்தில் பச்சை படர்ந்தது. புதிய தலைவி, நல்ல பெண், மரியாதைக்காக அவளை அழைத்துச் சொன்னாள்: "மேடம், இப்படியே விட்டா மொத்தமும் போயிடும். மணல் போட்டு மூடறதுதான் நல்லதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்களுக்கு வருத்தமில்லையே?"

"செய்யுங்க" என்றாள். "அதுதான் சரி."

மூடி முடித்த மறுவாரம் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். நகரத்துக்கு வெளியே, லிஃப்ட் வைத்த அடுக்கு மாடியில் அவன் வீடு வாங்கியிருந்தான். அவனும் வேலையை விட்டுவிட்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே துணி மடிக்கப் போனாள்.

"மூடிட்டாங்கடா" என்றாள்.

"கேள்விப்பட்டேன் அக்கா. பேப்பர்ல போட்டிருந்தான். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"எனக்கென்னடா கஷ்டம். அன்னிக்கே மூட விட்டிருக்கணும். நீ வீட்டக் கட்டியிருப்ப. அப்பா கீழ இருந்திருப்பாரு. எனக்கு ஒரு தடவகூட உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தோணல பாரு. தோணுச்சு. வாய் வரல."

"விடுங்க அக்கா. கீழ் வீட்ல இருந்திருந்தா மட்டும் அப்பா நூறு வருஷமா இருந்திருப்பாரு? நான் அத எப்பவோ விட்டுட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. கோபம் நிஜமாகவே போய்விட்டிருந்தது. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பிடித்து இழுக்க ஏதாவது இருந்திருக்கும்.

"அப்ப பழையபடி நீ, வா, போன்னு பேசுடா."

அவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான். சிரித்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்லிப் பார்க்கப் போகிறவன் போலிருந்தது.

"வயசாயிடுச்சுல்ல அக்கா. வாய் இப்படியே பழகிடுச்சு" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து காபி டம்ளர்களை உள்ளே கொண்டு போய் வைத்தான்.

கிளம்பும்போது பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்த அழுத்த மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான். முழங்கால் வலிக்கு ஒரு தைலத்தின் பெயர் சொன்னான். பேருந்து வந்ததும் அவள் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் ஏறிய பிறகு கொடுத்தான்.

"பார்த்துப் போங்க அக்கா. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க."

"பண்றேண்டா" என்றாள். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பேருந்து திரும்பும்வரை அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.